வயலே பள்ளிக்கூடம்

வயது வந்தோர்க்குக் கல்வி என்றவுடன் அரிச்சுவடியும் கரும்பலகையுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் வயலையே பாடசாலையாகக் கொண்ட முறையும் உண்டு. அதனை உழவர் வயல்வெளிப் பள்ளி என்பர்.

இந்தோனேஷியாவில் மருந்து தெளிக்கத் தெளிக்க நெற்பயிரில் புகையான் பெருகிற்று. காரணம் யாது? மருந்து புகையானைத் தின்னும் சிலந்திகளையும் கொன்றது. தாளுறைக்குள் இடப்பட்ட புகையான் முட்டைகளோ தப்பின. பகையற்ற வயலில் அவை பல்கின. 1986-இல் அந்நாட்டு அரசு 57 மருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையுடன் இப்பள்ளிகள் தோன்றின. பின்னர் நம் நாட்டிற்கும் வந்தன.

முறை எளிது. ஏறத்தாழ 25 பேர், பயிர்க்காலம் முழுவதும் வாரந்தோறும் வயலில் கூடுவர். தூர்தோறும் தீய பூச்சி எத்தனை, நன்மை செய்வன எத்தனை என எண்ணிப் படம் வரைவர். தெளிக்க வேண்டுமா என்பதைத் தாமே ஆராய்ந்து முடிவு செய்வர்.

ஐயன் வாய்க்கால் பாயும் லால்குடி வட்டாரத்தில் ஒருவர் வயலின் வடிநீர் அடுத்தவர் வயலுக்குப் பாசனநீர். ஆகவே தனியொருவர் கற்றால் போதாது. சங்கமாகக் கற்றல் வேண்டும். சாயத்தண்ணீரை வெளியேற்றும் நெசவாளர்க்கும் இது பொருந்தும்.

ஆசிரியர்களையும் உடன் அழைப்போமாக. சென்னையில் 1989-இல் நிறுவப்பெற்ற சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து வந்துள்ளது. தந்தை வயலில் எண்ணியதை மகன் வகுப்பில் வரைந்தால், அப்பாடம் மறவாது.

மருந்துக்குக் கடன் கேட்குமுன், வயலில் இறங்கி எண்ணிப் பார்ப்போம்.