மின்வாகன ஊக்குவிப்புக் கொள்கைகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலும்

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்திலுள்ள திருச்செங்கோடு, அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலுக்கும் விசைத்தறிக்கும் மட்டுமன்றி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர்பெற்ற ஊராகும். இவ்வூர் வண்டிகள் வடமாநிலங்கள்வரை சென்று தொழில் புரிகின்றன. முற்றிலும் டீசலைச் சார்ந்த இத்தொழிலை அரசின் மின்வாகன ஊக்குவிப்புக் கொள்கைகள் எந்த அளவிற்கு எட்டுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கொள்கைகளின் வளர்ச்சி

ஒன்றிய அரசு 2015ஆம் ஆண்டில் ஃபேம் திட்டத்தைத் தொடங்கியது. 2019 ஏப்ரலில் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டம் இருசக்கர, மூன்றுசக்கர வாகனங்கள், கார்கள், பேருந்துகள் ஆகியவற்றுக்கு மானியம் வழங்கியது. லாரிகள் அதில் இடம்பெறவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மின்வாகனங்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை 2023இல் திருத்தப்பட்டு, சாலை வரிவிலக்கு 2025 இறுதிவரை அளிக்கப்பட்டது.

2024 அக்டோபரில் 10,900 கோடி ரூபாயில் தொடங்கப்பட்ட பிஎம் இ-டிரைவ் திட்டமே லாரிகளையும் உள்ளடக்கியது. மின் லாரிகளுக்கென 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2025 ஜூலையில் வெளியான நெறிமுறைகளின்படி, 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரி ஒன்றிற்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. பழைய லாரியை உடைத்துக் கழித்ததற்கான சான்று இதற்குக் கட்டாயமாகும்.

ரிக் தொழிலின் இயல்பு

பொதுவாக ஒரு ரிக் அணியில் இரு லாரிகள் உண்டு. ஒன்று துளையிடும் பொறியையும் காற்றழுத்தக் கம்ப்ரசரையும் சுமக்கும். மற்றொன்று குழாய்களை ஏற்றிச் செல்லும். துளையிடும்போது வண்டி நின்றுகொண்டிருக்க, கம்ப்ரசரின் எஞ்சின் மணிக்கணக்கில் டீசலை எரிக்கிறது. ஓடும் தொலைவைக் கொண்டு இவ்வண்டியின் எரிபொருள் செலவை அளவிட இயலாது. மேலும், கிணறு தோண்டப்படும் காட்டிலும் தோட்டத்திலும் கம்ப்ரசரை இயக்கத்தக்க மின் இணைப்பை எதிர்பார்க்க முடியாது.

கொள்கையின் இடைவெளி

மேற்கண்ட கொள்கைகள் சக்கரங்களைச் சுழற்றும் ஆற்றலையே கருதுகின்றன. நின்ற நிலையில் செலவாகும் ஆற்றல் அவற்றின் வரம்பிற்குள் வரவில்லை. கழிவுச் சான்று என்னும் நிபந்தனையும் எண்ணத்தக்கது. பழைய வண்டியை விற்ற தொகையையே புதிய வண்டிக்கு முன்பணமாகக் கொள்ளும் சிறு உரிமையாளருக்கு, உடைப்பு விலை விற்பனை விலையை ஈடுசெய்யாது. எனவே மானியத்தின் ஒரு பகுதி அந்த இழப்பிலேயே கரைந்துவிடும்.

முடிவுரை

வாகன வகையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், மிச்சமாகும் டீசலின் அளவையும் கருதி மானியம் வழங்குவதே இத்தகைய தொழில்களுக்குப் பொருந்தும். அவ்வாறாயின், மின்வசதியுள்ள இடங்களில் பயன்படும் மின் கம்ப்ரசர்களும் ஊக்கம் பெறும். இல்லையேல், கொள்கையின் பயன் ஸ்கூட்டர் வாங்குவோரைச் சென்றடையும். திருச்செங்கோட்டின் முதன்மைத் தொழில்களுள் ஒன்று அதற்குப் புறத்தே நிற்கும்.