எலும்பைக் கட்டும் செல், கரைக்கும் செல்: இடையில் ஒரு பூட்டும் சாவியும்

வீட்டுப் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்ற செய்தியை நம்மில் பலர் கேட்டிருப்போம். "சும்மா வழுக்கி உட்கார்ந்தாங்க, அதுக்கே முறிஞ்சிடுச்சு" என்று வியப்போடு சொல்வார்கள். அந்த எலும்பு விழுந்த அன்று பலவீனமாகவில்லை. பல ஆண்டுகளாக, வலியே காட்டாமல் உள்ளுக்குள் கரைந்து வந்திருக்கிறது.

எலும்பு கல்லைப் போல உயிரற்ற பொருள் அல்ல. வளர்ந்த மனிதரின் எலும்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்படுகிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் எனும் செல்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் எனும் செல்கள் அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. ஓர் இடத்தைக் கரைக்கச் சில வாரங்கள் போதும். அதைக் கட்டி முடிக்கச் சில மாதங்கள் ஆகும். எனவே கரைக்கும் வேலை சற்றே அதிகரித்தாலும் நஷ்டம் எலும்புக்குத்தான்.

கரைக்கும் செல்லுக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள் வருகின்றன. இரத்தத்தின் வழியே வரும் ஒரு வகை இளம் செல்களின் மேற்பரப்பில் 'ரேங்க்' என்ற புரதம் இருக்கிறது. இதைப் பூட்டு என்று வைத்துக்கொள்வோம். அதற்கான சாவி 'ரேங்க்-எல்' என்ற புரதம். அந்தச் சாவி, எலும்பைக் கட்டும் செல்களின் மேற்பரப்பிலும், எலும்புக்குள் பதிந்து வாழும் ஆஸ்டியோசைட் செல்களின் மேற்பரப்பிலும் இருக்கிறது. சாவி பூட்டில் பொருந்தியதும் இளம் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு பெரிய கரைக்கும் செல்லாகின்றன. அது எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு அமிலத்தைச் சுரந்து கரைக்கிறது. ஆக, இடிப்பதற்கான உத்தரவு கட்டுபவர் தரப்பிலிருந்தே வருகிறது.

இதற்குக் கடிவாளமும் உண்டு. கட்டும் செல்கள் 'ஆஸ்டியோபுரோட்டிஜெரின்' என்ற இன்னொரு புரதத்தையும் சுரக்கின்றன. இது ஒரு போலிப் பூட்டு. சாவியைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு, உண்மையான பூட்டைத் திறக்க விடாது. 1997-இல் இது கண்டறியப்பட்டபோது, இதை அதிகமாகச் சுரக்கும்படி மாற்றப்பட்ட எலிகளின் எலும்புகள் வழக்கத்தைவிட அடர்த்தியாகின. மறு ஆண்டே சாவியும் அடையாளம் காணப்பட்டது.

சாவிக்கும் போலிப் பூட்டுக்கும் இடையே உள்ள விகிதம்தான் எலும்பின் கதி. மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சாவியின் கை ஓங்குகிறது. நம் உம்மாமார்களுக்கு ஐம்பது வயதுக்குப் பின் எலும்புத் தேய்மானம் வேகமெடுக்க இது முக்கியக் காரணம். நீண்ட நாள் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையும் சாவியைக் கூட்டி, போலிப் பூட்டைக் குறைக்கிறது. மூட்டுவலிக்கு உடனே கேட்கிறது என்று மருந்துக்கடையில் தாமாகவே ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதேசமயம், மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே.

இந்த அறிவிலிருந்து பிறந்த மருந்துதான் டெனோசுமாப். அமெரிக்காவில் 2010-இல் அனுமதி பெற்ற இந்த ஊசி, போலிப் பூட்டைப் போலவே சாவியைப் பிடித்து வைக்கிறது. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடப்படுகிறது.

"இப்போ நல்லாத்தானே இருக்கேன், ஊசி எதற்கு?" என்று நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து. ஊசியின் வேலை முடிந்ததும் பிடிபட்டிருந்த சாவி விடுபடுகிறது. கரைக்கும் வேலை முன்பு இருந்ததையும் விஞ்சி எழும். சேர்ந்த எலும்பு சில மாதங்களிலேயே கரையத் தொடங்கும். சிலருக்கு முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகளும் ஏற்பட்டுள்ளன. நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், அடுத்து என்ன மருந்து என்பதை மருத்துவர் முன்கூட்டியே முடிவு செய்வார்.

ஆகவே, வீட்டில் யாருக்காவது இந்த ஊசி போடப்படுகிறது என்றால், அடுத்த தேதியைப் பிள்ளைகள் காலண்டரில் குறித்து வையுங்கள். பல் பிடுங்குவதற்கு முன் பல் மருத்துவரிடம் ஊசியைப் பற்றிச் சொல்லுங்கள். கால்சியம், வைட்டமின் டி அளவுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐம்பதைக் கடந்தவருக்கு ஒரு சிறு விழுதலில் எலும்பு முறிந்தால், மாவுக்கட்டோடு விட்டுவிடாமல் எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அடுத்த முறிவைத் தடுக்கும் வாய்ப்பு அந்தக் கேள்வியில் இருக்கிறது.