விரல் வேகம் அறியும் பியானோ

மாணவர்களே! குற்றாலத்தில் சாரல் காலத்தில் மரக் கதவு உப்பிச் சாத்த மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பியானோவுக்கும் இதே கதிதான். ஒலிப்பலகை ஈரம் குடித்து உப்பும், கம்பிகள் இறுகும், சுருதி ஏறிவிடும்.

தென்காசியில் பல்லாண்டுகள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர் ஒருவர் மீண்டும் பீத்தோவனைப் பயில விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு டிஜிட்டல் பியானோ ஏற்றது. அதில் கம்பியே கிடையாது. கைக்கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற குவார்ட்ஸ் படிகம் சுருதியைக் காக்கிறது.

சரி, மென்மையும் வன்மையும் எப்படி வருகின்றன? 88 கட்டைகள் ஒவ்வொன்றின் கீழும் இரு தொடுமுனைகள் அடுத்தடுத்து இணைகின்றன. அந்த இடைநேரம் குறைந்தால் விரலின் வேகம் அதிகம், ஒலியும் பெரிதாகும்.

இக்கட்டைகள் கனமானவை. கீபோர்டின் லேசான கட்டைகளில் பழகிய விரல்கள் முதலில் தடுமாறும். சுருதியைப் படிகம் காக்கும். மென்மையை விரல்தான் கற்கவேண்டும்!