வலி தீர்க்கும் மருந்து வாசல் வரை வர வேண்டும்

"இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று மருத்துவமனை அனுப்பிவைத்த பிறகுதான் பல குடும்பங்களின் பாடு தொடங்குகிறது. இரவெல்லாம் வலி, மூச்சுத்திணறல், படுக்கைப்புண். நோய் தீராது என்றாலும் இவற்றைத் தணிக்க முடியும். அதற்கானதுதான் நோய் ஆதரவு சிகிச்சை. மருத்துவமனைகளில் 'பாலியேட்டிவ் கேர்' என்பார்கள். இது கடைசி நாட்களுக்கு மட்டுமானதல்ல. புற்றுநோய்க்குக் கீமோதெரபி நடக்கும்போதே தொடங்கலாம். பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, மறதிநோய் உள்ளவர்களுக்கும் உண்டு.

அபினி விளைகிறது, மாத்திரை இல்லை

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு அபினிச் செடி பயிராகிறது. கடும் புற்றுநோய் வலிக்கு முதன்மை மருந்தான மார்ஃபின் அதிலிருந்துதான் கிடைக்கிறது. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு அதை வாங்கி வைக்கவே பல உரிமங்கள் தேவைப்பட்டன. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். எதற்கு வம்பு என்று மருத்துவமனைகளே ஒதுங்கின. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களுக்கு நடைமுறையை எளிதாக்கினார்கள். சட்டம் மாறியது, அச்சம் அப்படியேதான் இருக்கிறது. மார்ஃபினை ஒருமுறைகூட எழுதிப் பழகாமலே ஒரு தலைமுறை மருத்துவர்கள் உருவாகிவிட்டார்கள். வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர்கள் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல்தான் உண்மையான தொந்தரவு. அதனால் மலமிளக்கியையும் சேர்த்தே தர வேண்டும்.

கேரளம் செய்தது

1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் சிறிய அளவில் தொடங்கிய நோய் ஆதரவு சிகிச்சை வேலை, 2008-ல் மாநில அரசின் கொள்கையானது. இந்தியாவில் அப்படியொரு கொள்கை வகுத்த முதல் மாநிலம் கேரளம். அதற்கு உயிர் கொடுத்தவை பஞ்சாயத்துகளும் ஊர்த் தன்னார்வலர்களும். செவிலியர் வீட்டுக்கே போய் சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார். நாற்றமெடுக்கும் புற்றுப்புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுகிறார். விலை சொற்பம்தான், ஆனால் வாடை குறைந்த பிறகுதான் பேரப்பிள்ளைகள் கட்டிலருகே வந்து உட்காருவார்கள்.

டெல்லியில் இருப்பது

2012-ல் நோய் ஆதரவு சிகிச்சைக்கெனத் தேசியத் திட்டம் வந்தது. 2017 தேசிய நலக் கொள்கையும் இதைப் பேசுகிறது. நலவாழ்வு மையங்கள் தர வேண்டிய 12 வகைச் சேவைகளிலும் இடம் கிடைத்தது. எல்லாம் சரி, பணம்? திட்டத்துக்கெனத் தனி ஒதுக்கீடு இல்லை. மாநிலங்கள்தான் தேசிய நலவாழ்வுக் குழுமத்திடம் கேட்டுப் பெற வேண்டும். கேட்காத மாநிலத்தில் திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும். தனி நிதி, மாவட்டந்தோறும் தடையில்லாத மார்ஃபின் இருப்பு, பயிற்சி பெற்ற செவிலியர்: இந்த மூன்றும் இல்லாத கொள்கையை நான் கொள்கையாகவே எண்ணமாட்டேன்.

நம் ஊரில் கேட்க வேண்டியது

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யுங்கள். வலி எப்போது வருகிறது, எந்த மாத்திரைக்கு எத்தனை மணி நேரம் அடங்குகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். செவிலியர் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.