கடலுக்கு அடியில் எரியும் பனிக்கட்டி!

பனிக்கட்டி தீப்பற்றி எரியுமா?

எரியும்! தீக்குச்சியைக் கிழித்து அருகே கொண்டு போனால், குப்பென்று பற்றிக் கொள்ளும். எரிந்து முடிந்ததும் தண்ணீர் மட்டும் மிஞ்சும்.

இது மந்திரமும் அல்ல, மாயமும் அல்ல. கடலுக்கு அடியில், சேற்றுக்குள், இப்படி ஒரு பனிக்கட்டி புதைந்து கிடக்கிறது.

அந்தப் பனிக்கட்டி உருகத் தொடங்கி விட்டதா? உருகினால் உலகத்துக்கு ஆபத்து வருமா? இதை அறிய, வட துருவத்தை ஒட்டிய கடலுக்கு விஞ்ஞானிகள் பல முறை கப்பலில் போனார்கள். அவர்கள் கண்டது என்ன?

கூண்டுக்குள் வாயு

குளத்துச் சேற்றில் காலை வைத்தால் குமிழி குமிழியாக வருவதைப் பார்த்து இருப்பீர்கள். அந்தக் குமிழியில் இருப்பது மீத்தேன் வாயு. சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் இதுதான். செத்த செடி, கொடிகளும் பிராணிகளும் காற்றுப் படாமல் மக்கும்போது இது உண்டாகிறது.

கடலிலும் இப்படித்தான். செத்துப் போன உயிர்கள் அடியில் போய்ப் படிகின்றன. அவற்றை மேலும் மேலும் சேறு மூடுகிறது. உள்ளே மீத்தேன் பிறக்கிறது.

குளிர் கடுமையாக இருந்து, தண்ணீரின் அழுத்தமும் அதிகமாக இருந்தால், மீத்தேனும் தண்ணீரும் சேர்ந்து உறைந்து விடும். தண்ணீர்தான் கூண்டு, வாயு அதற்குள் அடைபட்ட கிளி! இதுவே எரியும் பனிக்கட்டி.

ஓர் அறை நிறைய இந்தப் பனிக்கட்டி இருந்தால், அதில் இருந்து சுமார் 160 அறைகள் நிறைய வாயு கிடைக்கும்.

சூடு கூடினாலும் சரி, அழுத்தம் குறைந்தாலும் சரி, கூண்டு உடைந்து விடும். கிளி பறந்து விடும்.

ஏன் பயம்?

மீத்தேன் காற்றில் கலந்தால், பூமியின் சூட்டை வெளியே போக விடாமல் கம்பளிபோல் தடுக்கும். கரியமில வாயுவும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட மீத்தேன் சுமார் 80 மடங்கு வலிமை உள்ளது.

பூமி சூடானால் கடல் சூடாகும். கடல் சூடானால் இந்தப் பனிக்கட்டி உருகும். உருகினால் மீத்தேன் வெளிவரும். வந்தால் பூமி இன்னும் சூடாகும். வட்டி முதலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறுவதுபோல் இது வளர்ந்துகொண்டே போகுமே என்பதுதான் பயம்.

250 குமிழித் தூண்கள்

நார்வே நாட்டுக்கு வடக்கே, வட துருவத்துக்குப் போகும் வழியில், ஸ்வால்பார்டு என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. வெள்ளைக் கரடிகள் திரியும் இடம். கோடையில் பல வாரங்கள் அங்கே சூரியன் மறைவதே இல்லை.

2008-ம் ஆண்டு 'ஜேம்ஸ் கிளார்க் ராஸ்' என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் கப்பல், இந்தத் தீவுகளின் மேற்குக் கரை ஓரமாகச் சென்றது. கப்பலில் இருந்து ஒலி அலைகளைக் கடலுக்குள் அனுப்பினார்கள். அவை மோதித் திரும்பின. அந்த எதிரொலி கருவியில் படமாக விழுந்தது.

படத்தைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். கடலின் தரையில் இருந்து, அடுப்புப் புகைபோல் தூண் தூணாக ஏதோ எழும்பிக் கொண்டு இருந்தது!

அவை வாயுக் குமிழிகள். ஒன்று, இரண்டு அல்ல. 250 தூண்களுக்கு மேல்! 150 மீட்டர் முதல் 400 மீட்டர் வரை ஆழமான இடங்களில் அவை கிளம்பின.

பெரும்பாலான குமிழிகள் மேலே வருவதற்குள் கடல் நீரிலேயே கரைந்து விட்டன. ஆனாலும் கவலை தீரவில்லை. காரணம், அந்தப் பக்கம் ஓடும் நீரோட்டம் 30 ஆண்டுகளில் 1 டிகிரி சூடு ஏறி இருந்தது.

2009-ம் ஆண்டு இந்தச் செய்தி வெளியானது. "பனிக்கட்டி உருகத் தொடங்கி விட்டதோ?" என்ற கேள்வி எழுந்தது.

விரிசலுக்கு வயது என்ன?

ஒரு வீட்டுச் சுவரில் விரிசல் தெரிகிறது. அது நேற்று விட்டதா, தாத்தா காலத்தில் விட்டதா? பார்த்தவுடன் சொல்ல முடியுமா? அதுபோல, குமிழி வருவதைப் பார்த்தால் மட்டும் போதாது. அது எப்போது தொடங்கியது என்று தெரிய வேண்டும்.

2012-ம் ஆண்டு ஜெர்மனி நாட்டின் 'மரியா எஸ். மெரியன்' என்ற கப்பல் அங்கே போனது. பூச்சிகளை ஆராய்ந்து அழகழகாகப் படம் வரைந்த ஒரு பெண்மணியின் பெயர் அது.

கப்பலில் 'ஜாகோ' என்ற சிறிய நீர்மூழ்கியும் போனது. அதில் 2 பேர்தான் உட்காரலாம். குமிழி வரும் இடத்துக்கே அது இறங்கியது.

அங்கே சுண்ணாம்புக் கல் படிந்து இருந்தது. சேற்றில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மீத்தேனைத் தின்கின்றன. அதன் விளைவாக இந்தக் கல் உண்டாகிறது. மீத்தேன் கசியும் இடத்தில்தான் இப்படிக் கல் வளரும்.

கல்லை எடுத்து வந்து வயதைக் கணக்கிட்டார்கள். குறைந்தது 3 ஆயிரம் ஆண்டுகளாக அங்கே வாயு கசிந்து வருகிறது என்று தெரிந்தது!

3 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆலைப் புகை ஏது? மோட்டார் வண்டி ஏது?

உப்பு காட்டிய தடயம்

2016-ம் ஆண்டு அதே கப்பல் மறுபடியும் போனது. இந்தத் தடவை 'மெபோ' என்ற துளை போடும் எந்திரத்தைக் கொண்டு போனார்கள். அதைக் கம்பி வடத்தில் கட்டிக் கடலுக்குள் இறக்கினார்கள். அது தரையில் உட்கார்ந்து, சேற்றைக் குடைந்து, குழாய் குழாயாக எடுத்துக் கொடுத்தது.

அந்தச் சேற்றில் இருந்த தண்ணீரைப் பிரித்து எடுத்து, அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்த்தார்கள். ஏன் தெரியுமா?

எரியும் பனிக்கட்டி உறையும்போது உப்பைச் சேர்த்துக் கொள்ளாது, ஒதுக்கி விடும். அது உருகினால் நல்ல தண்ணீர்தான் வரும். ஆகவே, சேற்றுக்குள் உப்புக் குறைந்த தண்ணீர் இருந்தால், பனிக்கட்டி உருகி இருக்கிறது என்று அர்த்தம்.

சோதித்தார்கள். உப்புக் குறைவாகவே இருந்தது! பனிக்கட்டி உருகியது உண்மைதான்.

எப்போது உருகத் தொடங்கியது? உப்பின் அளவை வைத்துக் கணக்குப் போட்டார்கள். சுமார் 8 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு என்று விடை வந்தது. 2018-ம் ஆண்டு இந்த முடிவை வெளியிட்டார்கள்.

மெத்தை போல் எழுந்த தரை

8 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு என்ன நடந்தது?

அதற்கும் முந்திய காலத்தில் அந்தப் பகுதி முழுவதும் மலை மலையாகப் பனி மூடி இருந்தது. அந்தப் பாரத்தில் தரை அமுங்கிக் கிடந்தது. பிறகு பனி உருகியது. பாரம் இறங்கியது. இலவம்பஞ்சு மெத்தையில் இருந்து ஆள் எழுந்தால் மெத்தை மெல்ல மேலே வருகிறது அல்லவா? அதுபோல் தரை எழும்பியது.

கடல் மட்டமும் அப்போது உயர்ந்தது. ஆனால் தரை அதைவிட வேகமாக எழும்பியது. அதனால் அங்கே கடலின் ஆழம் குறைந்தது. தண்ணீரின் அழுத்தமும் குறைந்தது. கூண்டு உடைந்தது!

இன்னொரு உண்மையும் தெரிந்தது. பனிக்கட்டி உருகி வந்த வாயு கொஞ்சம்தான். இப்போது வரும் வாயுவில் பெரும்பகுதி, பூமிக்குள் இன்னும் ஆழத்தில் இருந்து வருகிறது. பனிக்கட்டி அதற்கு ஒரு மூடியாகத்தான் இருந்தது.

நிம்மதி உண்டா?

ஸ்வால்பார்டைப் பொறுத்தவரை ஓரளவு உண்டு. 2014-ம் ஆண்டு கோடையில் கப்பலிலும் விமானத்திலும் கரையிலும் காற்றைச் சோதித்தார்கள். கடலடியில் கசிந்த மீத்தேன் மேலே உள்ள காற்றை மாற்றவில்லை என்று கண்டார்கள். கடல் நீர் அதை வழியிலேயே வாங்கிக் கொண்டது.

ஆனால் எல்லாக் கடலும் ஒன்று அல்ல. சைபீரியாவுக்கு வடக்கே உள்ள கடலில் ஆழம் குறைவு. குமிழி எளிதில் மேலே வந்து விடும். அங்கே ஆண்டுக்கு 80 லட்சம் டன் மீத்தேன் காற்றில் கலக்கிறது என்று 2010-ல் ஒரு கணக்கு வந்தது. 2014-ல் 'ஓடன்' என்ற ஸ்வீடன் கப்பலில் போனவர்கள் அளந்து, சுமார் 29 லட்சம் டன்தான் என்றார்கள். அங்கே ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.

கடல் இன்னும் சூடானால் மூடி எத்தனை நாள் தாங்கும் என்ற கவலையும் இருக்கிறது.

உலகத்தின் காற்றில் உள்ள மீத்தேன், ஆலைகள் வருவதற்கு முந்திய காலத்தைவிட இன்று இரண்டரை மடங்குக்கு மேல் ஆகி விட்டது. இன்று காற்றில் புதிதாகச் சேரும் மீத்தேனில் பாதிக்கு மேல் மனிதர்களால் வருவது. எண்ணெய்க் கிணறு, நிலக்கரிச் சுரங்கம், மாட்டுப் பண்ணை, நெல் வயல், குப்பை மேடு ஆகியவற்றில் இருந்து அது கிளம்புகிறது.

கடலுக்கு அடியில் உள்ள மூடியை யாரும் போய் இறுக்க முடியாது. கசியும் குழாயை அடைக்கலாம். குப்பையில் இருந்து வரும் வாயுவைப் பிடித்து அடுப்பு எரிக்கலாம். அதற்கு வட துருவம் வரை போக வேண்டியது இல்லை.