வறண்ட மண்ணில் ஆவாரைத் தோட்டம்

பஞ்சாயத்து அலுவலகத்தின் முன்பும் பள்ளிக்கூடத்தின் முன்பும் ஒரு பூந்தோட்டம் இருக்கவேண்டும் என்ற ஆசை நம் கிராமங்களில் எங்கும் உண்டு. ஐப்பசி மழையில் குரோட்டன்ஸ், செம்பருத்தி, ரோஜா முதலிய செடிகளை வாங்கி நடுகிறோம். மார்கழி வரையில் அவை கண்ணுக்கு அழகாகவே இருக்கின்றன. மாசி பிறந்ததும் வாடத் தொடங்கி, சித்திரையில் வேலிக்கம்பிகள் மட்டும் எஞ்சுகின்றன. ஊர்க் குழாயடியில் பெண்கள் குடத்துடன் வரிசையில் நிற்கும் காலத்தில் பூச்செடிக்கு நீர் ஊற்றுவது இயலாத காரியம். இயன்றாலும் முறையான காரியமன்று.

இராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர் போன்ற மாவட்டங்களின் மானாவாரிப் பகுதிகளில் இக்கதை ஆண்டுதோறும் நடைபெறுகிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 650 மில்லி மீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றின் சில வாரங்களிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் வெயிலும் காற்றுமே ஆட்சி செலுத்துகின்றன. இத்தகைய இடத்தில் தோட்டம் போட விரும்புகிறவர் வெளியூர்ச் செடியைத் தேடிப் போகவேண்டியதில்லை. சாலையோரச் சரளையில் எவரும் நீர் ஊற்றாமலே மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையை ஏறிட்டுப் பார்த்தால் போதும்.

"தானாக முளைப்பதை நட்டு வளர்ப்பானேன்?" என்று குடியானவர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. தானாக முளைத்த இடங்கள் இப்போது குறைந்து வருகின்றன என்பதே அதற்கு விடை. சாலைகள் அகலமாகின்றன, தரிசுகள் மனைகளாகின்றன, புறம்போக்கைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொள்கிறது. எஞ்சியுள்ள புதர்களுக்கோ கிராக்கி கூடியிருக்கிறது. உலர்த்திய ஆவாரம்பூவும் ஆவாரம்பூப் பொடியும் நகரத்துக் கடைகளில் விற்பனையாகின்றன. போகியன்று காப்புக் கட்டும் வழக்கமுள்ள கோவை, ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கங்களில் வேப்பிலை, சிறுபீளை இவற்றோடு ஆவாரம்பூவும் சேர்ந்தால்தான் காப்பு நிறைவுறும். அதற்காகக் கொத்தை ஒடிப்பது போய், செடியையே வேருடன் பிடுங்கி வண்டியில் ஏற்றுவதும் சில இடங்களில் நிகழ்கிறது. பிடுங்கிய செடி அடுத்த தைக்குப் பூக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆவாரை நமக்குப் புதியதன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் ஆவிரையும் ஒன்று. தெலுங்கு நாட்டார் இதனைத் தங்கேடு என்பர். பதுகம்மா விழாவில் பெண்கள் அடுக்கும் பூக்களில் இதற்குத் தனி இடமுண்டு. 2014-இல் தெலங்கானா தனி மாநிலமானபோது இதுவே அம்மாநில மலராக அறிவிக்கப்பட்டது. இலங்கையில் சிங்கள மக்கள் இதனை ரணவரா என்று அழைத்துத் தேநீர்போல் காய்ச்சிக் குடிக்கின்றனர்.

ஆயினும் இச்செடி நம் கிராமங்களுக்குக் காசு கொண்டுவந்தது பூவால் அன்று, பட்டையால். ஆவாரம்பட்டையில் தோலைப் பதப்படுத்தும் துவர்ச்சத்து மிகுதி. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் முதலிய ஊர்களின் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் இப்பட்டையை நம்பியே நடந்தது. கிளைகளை வெட்டி, தட்டிப் பட்டை உரித்து, உலர்த்திக் கட்டி விற்பது ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு வருவாயாக இருந்தது. ஆவாரையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். அதனால் கடைசியில் கடுக்காய் நீரில் ஒருமுறை போட்டெடுப்பர். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரின்போது, சென்னை மாகாணத்தில் இவ்வாறு பதனிட்ட மாட்டுத்தோல் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுகளுக்காகப் பெருமளவில் கப்பலேறியது. பின்னர் வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் பட்டையும், அதன்பின் குரோமிய உப்பும் ஆவாரையின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அந்தப் பழைய சந்தை திரும்பி வரும் என்று நம்பி எவரும் ஏக்கர் கணக்கில் நடவேண்டாம் என்பது நம் கருத்து. வேலியாகவும், பூவாகவும், தழையாகவும் அது தரும் பயன்களே நடுவதற்குப் போதுமான காரணங்களாகும்.

இனி, செடியைச் சரியாக அடையாளம் காண்பது எங்ஙனம் என்று பார்ப்போம். இது வேடிக்கையான விஷயமன்று. விதை சேகரிக்கிறவர் மாற்றி எடுத்துவிட்டால் ஆபத்து நேரலாம். ஆவாரையின் இலைக்காம்பில் 8 முதல் 12 ஜோடிச் சிற்றிலைகள் எதிரெதிராக இருக்கும். அவற்றின் நுனி மழுங்கியிருக்கும். காம்பின் அடியில் காதுமடல் போன்ற இரண்டு சிறிய இலைத்துண்டுகள் தெளிவாகத் தெரியும். காய் தட்டையாகவும் காகிதம்போல் மெல்லியதாகவும் இருக்கும். இதனோடு உறவுடைய பொன்னாவிரை என்னும் செடியும் தரிசுகளில் மஞ்சளாகவே பூக்கிறது. அதற்குச் சிற்றிலைகள் 4 முதல் 6 ஜோடிகள்தாம், நுனி கூர்மையானது, கசக்கினால் நாற்றமடிக்கும், காய் ஒடுங்கிச் சற்று வளைந்திருக்கும். அதன் விதை நஞ்சு. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் சிறு குழந்தைகள் பலர் திடீரென மயங்கி மாண்டதற்குப் பொன்னாவிரைக் காய்களைத் தின்றதே காரணம் என்று 2007-இல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. ஆகவே, பள்ளித் தோட்டத்திற்கு விதை எடுக்கும்போது ஆசிரியரோ கிராமத்துப் பெரியவரோ காயைப் பார்த்து ஒப்புதல் சொன்ன பிறகே எடுக்கவேண்டும்.

காய்கள் பழுப்பு நிறமடைந்து, ஆட்டினால் சலசலக்கும் பருவத்தில் பறித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத் தட்டினால் விதை உதிரும். இவ்விதைக்குத் தோல் மிகவும் கடினம். அப்படியே ஊன்றினால் பத்தில் சிலவே முளைக்கும். சிலர் இதனால் மனம் சலித்து, "விதை சொத்தை" என்று கைவிடுகின்றனர். விதை சொத்தையன்று, அது இயற்கையின் முன்னெச்சரிக்கை. எல்லா விதைகளும் முதல் மழையிலேயே முளைத்து, அடுத்த மழை பொய்த்துவிட்டால் வம்சமே அற்றுப்போகும் அல்லவா? அதனால் சில விதைகள் இவ்வாண்டும், சில மறு ஆண்டும், சில அதற்கடுத்தும் முளைக்கும்படி தோல் தடித்திருக்கிறது. நமக்கோ எல்லாம் ஒரே சமயத்தில் முளைக்கவேண்டும். அதற்கு எளிய வழி வெந்நீர். நீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைக் கொட்டி, இரவு முழுவதும் ஆறவிட வேண்டும். அடுப்பின்மேல் வைத்துக்கொண்டே விதையைப் போட்டால் அவித்த பயறாகிவிடும், முளைக்காது. காலையில் உப்பியிருக்கும் விதைகளை உடனே ஊன்றலாம். உப்பாதவற்றை மணலோடு சேர்த்துச் சாக்கில் தேய்த்து, மறுமுறை நனைக்கலாம்.

ஆவாரையின் ஆணிவேர் இளமையிலேயே ஆழமாக இறங்கிவிடும். வறட்சியைத் தாங்கும் வல்லமைக்கு அதுவே அடிப்படை; இடம் மாற்றி நடுவதற்கு இடையூறும் அதுவே. சாலையோரத்திலிருந்து வளர்ந்த செடியைத் தோண்டிக் கொண்டுவந்து வைப்பவர் ஆணிவேரை அறுத்துவிட்டே கொண்டுவருகிறார். செடி பிழைப்பது அரிது. ஆனி, ஆடியில் நீளமான பைகளில் செம்மண், மணல், தொழு எரு மூன்றையும் கலந்து நிரப்பி, பைக்கு இரண்டு விதை ஊன்றினால், ஐப்பசி மழைக்கு நாற்று தயாராகிவிடும். பையின் அடியில் வேர் சுருளுவதற்கு முன் நட்டுவிட வேண்டும். நாற்றுப் பண்ணைக்கு வசதி இல்லாத ஊர்களில் முதல் நல்ல மழைக்குப் பின் நேராகக் குழியிலேயே விதை போடலாம். வேருக்கு அதுவே நலம். ஆனால் களை எடுப்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

குழி ஒன்றரை அடி நீள, அகல, ஆழம் இருந்தால் போதும். சரிவான நிலமாயின் செடிக்குக் கீழ்ப்புறத்தில் பிறைவடிவில் சிறு வரப்புப் போட்டால் மேலிருந்து வழியும் மழைநீர் குழியில் தேங்கி இறங்கும். களிமண்ணில் நீர் நாட்கணக்கில் நிற்குமானால் மேட்டில் நடவேண்டும். வெயில் நன்றாகப் படும் இடமே இதற்கு உகந்தது. வேப்பமர நிழலில் நட்டால் கொடிபோல் நீண்டு, பூவும் குறைந்துவிடும்.

நீர்க்கணக்கைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. வறட்சியைத் தாங்கும் செடி என்றால் முதல் நாளிலிருந்தே நீர் வேண்டாம் என்று பொருளன்று. முதல் கோடையை மட்டும் நாம் கைகொடுத்துத் தாண்டச் செய்யவேண்டும். நூறு மீட்டர் நீளமுள்ள பள்ளி வேலிக்கு, இரண்டு வரிசையாக, 60 சென்டி மீட்டர் இடைவெளியில் மாற்றி மாற்றி நட்டால் ஏறத்தாழ 334 செடிகள் ஆகும். மாசி முதல் ஆனி வரையில் பத்து நாளுக்கு ஒருமுறை செடிக்கு மூன்று லிட்டர் வீதம் பதினைந்து முறை ஊற்றுவோமானால், மொத்தம் சுமார் 15,000 லிட்டர் தேவைப்படும். அதாவது, 5,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் மூன்று முறை வந்துபோகும் அளவு. இதற்கு இயலாத ஊர் நூறு செடிகளோடு தொடங்கட்டும். 4,500 லிட்டர் போதும். பள்ளியில் கைகழுவும் நீரைக் குடத்தில் பிடித்தாலே இதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிடப் பத்து நாளுக்கு ஒருமுறை நிறைய ஊற்றுவதே மேல். தினமும் மேல்மண் நனைந்தால் வேர் கீழே இறங்கச் சோம்பும். இரண்டாம் கோடையில் ஓரிரு முறை போதும். அதன்பின் வானம் பார்த்துக்கொள்ளும்.

ஆடு மாடுகள் ஆவாரையை விரும்பிக் கடிப்பதில்லை. வேலிக்கு ஏற்றது என்று முன்னோர் கண்டது இதனால்தான். எனினும் நாற்றுப் பருவத்தில் மிதிபடாமலிருக்க முள் அடைப்பு அவசியம். ஆண்டுக்கு ஒருமுறை, ஆவணி புரட்டாசியில், முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டால் மழையில் புதுக்கிளைகள் அடர்ந்து எழும்பும், பூப்பது அப்புதுக்கிளைகளில்தான். வெட்டாமல் விட்ட செடி அடியில் மொட்டையாகவும் நுனியில் மட்டும் பூவாகவும் நிற்கும்.

வெட்டிய தழையை வீணாக்கக் கூடாது. எருக்கு, கொளுஞ்சி இவற்றோடு ஆவாரந்தழையையும் நஞ்சையில் மிதித்து உரமாக்குவது பழைய வழக்கம். உவர்நிலத்திற்கும் இதனை இட்டு வந்திருக்கின்றனர். ஆனால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கொளுஞ்சியின் வேரில் காணப்படும் முடிச்சுகள் ஆவாரையின் வேரில் உண்டாவதில்லை. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து நிலத்தில் சேர்க்கும் வேலையை அது செய்யாது. நின்ற இடத்தை வளமாக்கும் என்று எதிர்பார்க்காமல், வெட்டிய தழையை வயலுக்குக் கொண்டுசென்று இடுவதே பயன் தரும்.

சீமைக்கருவேலை அகற்றிய புறம்போக்குகளைப் பற்றியும் ஒரு சொல். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவுகளை அடுத்துப் பல ஊர்களில் அம்மரம் வெட்டப்பட்டது. வேரோடு எடுக்காத இடங்களில் மீண்டும் துளிர்த்ததையும், வெறுமனே விட்ட இடங்களில் புதிய கன்றுகள் முளைத்ததையும் நாம் கண்டோம். காலியான நிலத்தில் ஏதேனும் ஒன்று குடியேறியே தீரும். அது எது என்பதை நாம் முடிவு செய்யலாம். ஆவாரை மட்டும் போட்டுச் சீமைக்கருவேலை அடக்கிவிடலாம் என்று நாம் சொல்ல மாட்டோம். வேம்பு, புங்கன் முதலிய மரங்களுக்கிடையே அதனை ஊடுசெடியாக விதைத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் கருவேலங்கன்றுகளைக் கையால் பிடுங்கி வந்தால் பலனுண்டு.

பூவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் சிறு துளைவழியே வெளிப்படும்படி மூடிய பைகளில் இருக்கிறது. மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் பெரிய கரிய வண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும்போதே மகரந்தம் தூவப்படுகிறது. வண்டு வராவிட்டால் காயில்லை. எனவே இச்செடிக்குப் பூச்சிமருந்து தெளிப்பது தனக்குத்தானே தீங்கு செய்துகொள்வதாகும். மழைக்காலத்தில் பச்சைப் புழுக்கள் இலையைத் தின்னக் காணலாம். அவை வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுகள். தின்ற இலையைச் செடி சில வாரங்களில் மீண்டும் விட்டுக்கொள்ளும்.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பது பழமொழி. பூவைக் கூட்டாகச் சமைப்பதும், உலர்த்திக் காய்ச்சிக் குடிப்பதும், குளியல் பொடியில் சேர்ப்பதும் நம் வீட்டு வழக்கங்களே. சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் நீரிழிவுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆயினும் பழமொழியை நம்பி, நீரிழிவுக்கு உண்டுவரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடுவது தவறு. மருத்துவரைக் கேட்டே எதையும் செய்யவேண்டும்.

பூப்பறிக்கும் உரிமை யாருக்கு என்பதைத் தோட்டம் பூப்பதற்கு முன்பே கிராமசபையில் பேசி முடித்துக்கொள்வது நலம். பின்னால் பேசினால் சச்சரவுதான் மிஞ்சும். மகளிர் குழு ஒன்றிடம் ஒப்படைத்து, ஒவ்வொரு செடியிலும் மூன்றில் ஒரு பங்குப் பூவைக் காய்க்க விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்க்கலாம். பொங்கல் காப்புக்கு வருகிறவர்கள் கத்தியால் கொத்தை மட்டும் வெட்டிக்கொள்ளட்டும். காலையில் பறித்த பூவை நிழலில், மெல்லிய துணிமேல் பரப்பி உலர்த்தினால் நிறம் மாறாது. வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். உலர்ந்த விதையைச் சாம்பல் கலந்து மண்கலயத்தில் மூடி வைத்தால் வண்டு விழாது. அடுத்த ஆனிக்கு நாற்றுவிடவும், பக்கத்து ஊர்ப் பள்ளி கேட்டால் ஒரு படி அளந்து கொடுக்கவும் அது உதவும்.