முப்பத்து மூன்று இன்னிங்ஸ்

அமெரிக்க பேஸ்பாலில், முதல்தர 'மேஜர் லீக்' அணிகளுக்கு இளம் ஆட்டக்காரர்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் போட்டித் தொடர்கள் 'மைனர் லீக்' எனப்படுகின்றன. அவற்றுள் உச்சநிலையான டிரிபிள்-ஏ பிரிவில், பாஸ்டன் ரெட் சாக்ஸின் துணை அணியாக 1973 முதல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஆடிவந்த பாடக்கெட் ரெட் சாக்ஸ், திவால் நிலையை எட்டியபோது, ஓய்வுபெற்ற ஜவுளி ஆலை அதிபரான பென் மாண்டர் 1977இல் அதை வாங்கி நிலைநிறுத்தினார்.

ஆயினும் அவ்வணி நினைக்கப்படுவது ஒரே ஓர் ஆட்டத்தால்தான். இரு அணிகளும் ஒருமுறை மட்டை பிடிக்கும் சுற்றே இன்னிங்ஸ்; ஒன்பது சுற்றுகளில் முடிவு கிட்டாவிட்டால், ஓரணி முந்தும்வரை ஆட்டம் நீளும். 1981 ஏப்ரல் 18 இரவு ரோசெஸ்டர் ரெட் விங்ஸுடன் தொடங்கிய ஆட்டம், நள்ளிரவு கடந்தால் நிறுத்தச் சொல்லும் விதி நடுவர்களின் கையேட்டில் விடுபட்டிருந்ததால், தொடர்ந்துகொண்டே போயிற்று. குளிர் தாங்காத ஆட்டக்காரர்கள் உடைந்த மட்டைகளைப் பீப்பாயில் இட்டு எரித்துக் குளிர்காய்ந்தனர். 32 இன்னிங்ஸ் முடிந்து 2-2 என்ற சமநிலையில், அதிகாலை 4.07 மணிக்கு ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டபோது எஞ்சியிருந்த பார்வையாளர்கள் 19 பேரே. ஜூன் 23இல் மீண்டும் தொடங்கி, 18 நிமிடங்களில், டேவ் கோசாவின் அடியால் பாடக்கெட் 3-2 என வென்றது. எதிரெதிரே ஆடிய வேட் பாக்ஸும் கால் ரிப்கனும் பின்னாளில் பேஸ்பாலின் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர். அணியோ 2021இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தது.